வீணையும் மிருதங்கமும் விமானம் ஏறும் முன்: கச்சேரிப் பயணத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

என் முதல் வெளிநாட்டுப் பயணத்தில் வீணைப் பெட்டி லக்கேஜ் பெல்ட்டில் தலைகீழாக வந்தது. நள்ளிரவு. அழைத்துப் போக வந்தவர் வெளியே காத்திருந்தார். பெட்டியின் வெளிப்புறத்தில் கீறல்கூட இல்லை என்ற நிம்மதியோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் காலை திறந்தால், மேல் ஸ்தாயியில் மூன்று மெட்டுகள், அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கும் குறுக்குக் கட்டைகள், மெழுகோடு பெயர்ந்து கிடந்தன. வீணையின் உருண்ட உடலான குடத்தின் அடியில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். விமான நிறுவனத்தை அழைத்தேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் புகார் எழுதினீர்களா?"

எழுதவில்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை வீணையோடு பறந்துவிட்டேன். வாத்தியத்தின் விதி பெல்ட்டில் தீர்மானமாவதில்லை. டிக்கெட் எடுக்கும் நாளிலும், பெட்டி கட்டும் இரவிலும்தான் தீர்மானமாகிறது. கவுன்டரில் நிற்கும்போது நம் கையில் மிச்சமிருக்கும் உரிமை மிகக் குறைவு. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி வீட்டிலேயே நடக்கிறது.

முதல் படி: அளவு நாடாவை எடுங்கள்

வாத்தியத்தை அளக்க வேண்டாம். பெட்டியோடு சேர்த்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் வரும் எண்ணைத்தான் விமான நிறுவனம் பார்க்கிறது. கேபினுக்குள் கொண்டுபோகும் பைக்கு நம் ஊர் நிறுவனங்களில் பொதுவாக 115 சென்டிமீட்டர் கூட்டளவும் 7 கிலோ எடையும் எல்லை. செக்-இன் செய்யும் பெட்டிக்கு உலகெங்கும் பரவலாக இருக்கும் எல்லை 158 சென்டிமீட்டர். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலும் ஏற்கவே மாட்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு நம் வாத்தியங்களைப் பாருங்கள். வயலின் பெட்டி 80 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எல்லையைச் சற்றே தாண்டினாலும் ஒல்லியாக இருப்பதால் இருக்கைக்கு மேலுள்ள சாமான் அறையில் அழகாகப் படுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அனுமதித்துவிடுவார்கள். வயலினை ஒருபோதும் செக்-இன் செய்யாதீர்கள். தக்குச் சுருதி, அதாவது தாழ்ந்த சுருதி, மிருதங்கம் 24 அங்குலம், அதாவது 61 சென்டிமீட்டர். உறையும் சேர்ந்தால் கேபின் எல்லையைத் தாண்டிவிடும். ஆனால் செக்-இன் எல்லைக்குள் வசதியாக அடங்கிவிடும். பெரிய அளவுக்கான கூடுதல் கட்டணம் அதற்கு வராது. மானாமதுரைக் கடத்தைக் கையில்தான் கொண்டுபோக வேண்டும். சுட்ட மண்ணுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அது 7 கிலோவைத் தாண்டக்கூடும் என்பதால் எடைக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தவில் செக்-இன்தான், வேறு வழியில்லை. நாகசுரம் நீளத்தால் கேபின் எல்லையைத் தாண்டும். கனத்த உறையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டாலும் ஊதும் நாணல் துண்டுகளான சீவாளிகளை மட்டும் சட்டைப் பைக்கு அருகிலேயே வைத்திருங்கள்.

வீணைதான் எல்லோரையும்விடச் சிக்கலான பயணி. நான்கடி நீளம். பெட்டியோடு 140 சென்டிமீட்டர் என்று வைத்தாலும், அகலமும் உயரமும் சேர்ந்தால் கூட்டளவு 200-ஐத் தாண்டிவிடும். செக்-இன் செய்தாலும் அது 'ஓவர்சைஸ்'. அதற்குத் தனிக் கட்டணம், தனி கவுன்டர், தனிப் பெல்ட்.

தம்புராவை எடுத்துப் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எலெக்ட்ரானிக் தம்புரா கைப்பையில் அடங்கும். நிஜத் தம்புராதான் வேண்டுமென்றால் போகும் ஊரில் கேளுங்கள். கிளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனை 1978-ல் தொடங்கியது; அப்படிப்பட்ட ஊர்களில் இத்தனை ஆண்டுகளில் தம்புரா இருக்கும் வீடுகள் எத்தனையோ உருவாகிவிட்டன. ஒரு மின்னஞ்சலில் முடியும் காரியம்.

மெட்டுகள் அமரும் நீளப் பகுதியான தண்டியைக் கழற்றி மடக்கும் பயண வீணைகள் இப்போது கிடைக்கின்றன. பாடம் எடுக்கப் போகிறவர்களுக்கும், ஒரே மாதத்தில் பத்து ஊர் சுற்றுகிறவர்களுக்கும் அது நல்ல தீர்வு. ஆனால் முழுநீளக் கச்சேரிக்குப் போகும்போது என் கை பழகிய பலா மரக் குடத்தைத்தான் எடுத்துப் போகிறேன். அந்த நாதத்துக்காகத்தானே இத்தனை பாடும்.

இரண்டாம் படி: பணம் கட்டுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு

டிக்கெட் எடுத்தபின் கேட்டால், "விதிப்படி பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். எடுப்பதற்கு முன் கேட்டால் பதில் சொல்வார்கள். அளவையும் எடையையும் சொல்லி இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: இந்தப் பெட்டியை ஏற்பீர்களா? கட்டணம் எவ்வளவு, அதை இப்போதே கட்டலாமா? எந்த ரக விமானம்? கேட்டதை மின்னஞ்சலில் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அந்தப் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கவுன்டரில் இருப்பவர் விதியை வேறுவிதமாகப் புரிந்துகொண்டிருந்தால், அந்த ஒற்றைத் தாள் உங்களுக்காகப் பேசும்.

விமானத்தின் ரகம் ஏன் முக்கியம்? சென்னையிலிருந்து நம் மாநிலத்துக்குள் பறக்கும் வழித்தடங்கள் சிலவற்றில் ஏடிஆர் வகைச் சிறு விமானங்கள் ஓடுகின்றன. அவற்றின் மேல் அறைகள் சிறியவை. பெரிய விமானத்தில் சிரமமின்றிப் போன வயலின் பெட்டி அங்கே திணறும்.

முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். இடையில் மாறும் விமானத்தை வேறு நிறுவனம் இயக்கினால், அந்த நிறுவனத்தின் விதியையும் தனியே கேளுங்கள். மாறுவதற்கு மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். ஐம்பது நிமிடத்தில் நீங்கள் ஓடிப்போய் ஏறிவிடலாம், வீணை ஓடாது.

அமெரிக்க நிறுவனங்களின் விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு நல்ல பாதுகாப்பு உண்டு. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி 2015 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வயலின், கிடார் போன்ற சிறு வாத்தியங்களை, ஏறும் நேரத்தில் இடம் இருந்தால் கேபினில் ஏற்றத்தான் வேண்டும்; வாத்தியம் என்பதற்காகத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. 'ஏறும் நேரத்தில்' என்பதைக் கவனியுங்கள். கடைசியில் ஏறினால் மேல் அறை நிரம்பியிருக்கும், உரிமையும் பயன்படாமல் போகும். முன்னதாக ஏறும் வசதியைச் சிறு கட்டணம் கொடுத்தாவது வாங்கிவிடுங்கள். செக்-இன் செய்யும் வாத்தியத்துக்கு அதே விதி 150 அங்குலக் கூட்டளவு, 165 பவுண்டு எடை வரை இடம் தருகிறது. அந்தக் கணக்கில் நம் வீணை தாராளமாக உள்ளே வந்துவிடும். இது அமெரிக்க நிறுவனங்களுக்கான விதி. மற்ற நிறுவனங்களில் அவரவர் எழுதி வைத்திருப்பதே விதி.

வாத்தியத்துக்கென்று தனி இருக்கை வாங்கவும் முடியும். இணையத்தில் வாங்க வேண்டாம்; தொலைபேசியில் அழைத்து, 'கேபின் பேகேஜ் சீட்' என்று சொல்லி வாங்குங்கள். பொதுவாக ஜன்னலோர இருக்கையைத்தான் தருவார்கள், மற்றவர் வெளியேறும் வழியை அடைக்கக் கூடாது என்பதற்காக. வீணையின் உயரத்துக்கு எல்லா விமானத்திலும் இது ஒத்துவராது.

மூன்றாம் படி: தோல், தந்தம், நூறு வயது

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். மற்ற பிழைகளால் வாத்தியம் உடையும். இங்கே பிழை செய்தால் வாத்தியம் பறிமுதலாகும், வழக்கும் வரும்.

கையடக்கத் தோல் வாத்தியமான கஞ்சிராவில் தொடங்குகிறேன். பழைய கஞ்சிராக்கள் உடும்புத் தோலால் ஆனவை. அந்தக் குமுகுமுப்பான நாதத்துக்கு ஈடில்லை என்று மூத்த வித்வான்கள் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். உடும்பு, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்திலும் அது முதல் பட்டியல்தான். உடும்புத் தோல் கஞ்சிராவோடு எல்லை தாண்டுவது குற்றம். "இது அப்பா வாசித்தது" என்பது சுங்க அதிகாரியிடம் எடுபடாது. ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் நல்ல கஞ்சிராக்கள் செய்கிறார்கள்; பயணத்துக்கு அவற்றையே எடுங்கள்.

அடுத்தது தந்தமும் மான்கொம்பும். பரம்பரை வீணைகளின் குடத்தின்மேல் வரும் பூ வேலைப்பாடு, பிரடையின் (சுருதி சேர்க்கும் முளை) தலை, தம்புராவின் குதிரை (தந்திகளைத் தாங்கும் பாலம்) ஆகியவற்றில் இவை இருக்கக்கூடும். இப்போது வரும் வெள்ளை வேலைப்பாடு பெரும்பாலும் பிளாஸ்டிக். எது எதுவென்று உங்களுக்கே உறுதியாகத் தெரியாவிட்டால், வாத்தியம் செய்கிற ஆசாரியிடம் காட்டுங்கள். தந்தம் என்று அவர் சொன்னால் அந்த வீணை வீட்டிலேயே இருக்கட்டும்.

மரத்தில் ஈட்டி, அதாவது ரோஸ்வுட், 2017-ல் சைட்டிஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கிடார்க்காரர்கள் மிகவும் தவித்தார்கள். 2019 நவம்பரிலிருந்து முழுமையாகச் செய்து முடித்த வாத்தியங்களுக்கு அதிலிருந்து விலக்கு கிடைத்துவிட்டது. பலா மரத்துக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. கட்டுப்பாட்டுக்குள் வரும் பொருள் வாத்தியத்தில் இருந்து, அதைச் சட்டப்படி வைத்திருக்கவும் முடிகிறதென்றால், வாத்தியத்துக்கென்றே தனிச் சான்றிதழ் இருக்கிறது. 2013-ல் பாங்காக் மாநாட்டில் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுகள் வரை, பல எல்லைகளைத் தாண்ட அது ஒன்றே போதும்.

பாட்டி வாசித்த வீணையைப் பேத்திக்குக் கொண்டுபோய்க் கொடுக்க விரும்புகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மனதைத் தொடும் ஆசைதான். ஆனால் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் நம் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனிமனிதர் வெளியே கொண்டுபோக முடியாது. வீணை பழையதாகத் தோன்றினாலே விமான நிலையத்தில் கேள்வி எழும். அது தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே வாங்கிவிடுங்கள்.

சுங்கத்துறையில் இன்னொரு சிறு வேலை உண்டு. புறப்படும்போது விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் வாத்தியத்தைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது, "இது எங்கே வாங்கியது, தீர்வை கட்டினீர்களா?" என்ற கேள்விக்கு அதுவே பதில். வாங்கிய ரசீது இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் தெளிவான படங்களும், வரிசை எண்ணோ வேறு அடையாளமோ இருக்கட்டும். பெட்டியை ஒப்படைத்துவிட்டால் காட்ட முடியாது என்பதால், செக்-இன் செய்வதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் மரம், தோல், மூங்கில், நாணல் எல்லாவற்றையும் வருகைப் படிவத்தில் 'ஆம்' என்று குறித்தே ஆக வேண்டும். குறித்தால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். மறைத்தால் அபராதம். வாரில் மயிர் ஒட்டியிருந்தால், பூச்சித் துளை தெரிந்தால், அதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

நான்காம் படி: பெட்டி

துணி உறையில் போட்ட வீணையைச் செக்-இன் செய்வதும், தெருவில் வைத்துவிட்டு வருவதும் ஒன்றுதான். ஃபைபர் பெட்டி வேண்டும். உங்கள் வீணைக்கே அளவெடுத்துச் செய்த பெட்டி வேண்டும். உள்ளே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் வாத்தியம் ஆடும், ஆடினால் உடையும். மூடிய பெட்டியைத் தூக்கி மெல்லக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் அசையும் ஒலி கேட்கக் கூடாது.

வீட்டில் தச்சரை வைத்து மரக்கூடு செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாடு போகும் மரப் பெட்டிகள் பூச்சி ஒழிப்புக்காகப் பக்குவம் செய்யப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. ஒட்டுப்பலகைக்கு அந்த விதி இல்லை. ஆகவே பச்சைப் பலகையைத் தவிர்த்து ஒட்டுப்பலகையில் செய்யச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: கட்டும் இரவு

இங்கே நிதானம் வேண்டும். நான் எப்போதும் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு கட்டுகிறேன்.

முதலில் தண்டியின் அடியில் மாட்டியிருக்கும் சுரைக்காயைத் திருகிக் கழற்றுங்கள். அது மாட்டியிருந்தால் பெட்டியின் முழு அழுத்தமும் தண்டியில் விழும். கழற்றிய சுரைக்காயைத் துண்டில் சுற்றித் தனி இடத்தில் வையுங்கள். பிறகு குதிரை இருக்கும் இடத்தைச் சுற்றி நான்கு மூலைகளிலும் சிறு காகித நாடா ஒட்டி அடையாளம் செய்யுங்கள், ஒரு படமும் எடுங்கள். வீணையின் குதிரையை யாரும் ஒட்டிவைப்பதில்லை. தந்திகளின் இழுவைதான் அதைப் பிடித்திருக்கிறது. ஏழு தந்திகளையும் ஒன்றரைச் சுரம் அளவுக்கு இறக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். முழுவதும் தளர்த்தினால் குதிரை சாய்ந்து பலகையில் வடு விழும். இறக்காமலே விட்டால் குளிரில் தந்தி இறுகி, பலகையின்மேல் சுமை ஏறும். குதிரைக்கும், தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் நாகபாசத்துக்கும் இடையே மெல்லிய பஞ்சுத் துணியை மடித்துச் செருகுங்கள். சுருதியை நுட்பமாகச் சரிசெய்யும் லங்கர்கள் ஆடாமல் நிற்கும்.

அடுத்தது மெட்டுகள். இருபத்து நான்கு மெட்டுகளும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த மெழுகின்மேல் அமர்ந்திருக்கின்றன. மே மாதச் சென்னையில், ஓடுதளத்தின் வெயிலில் வண்டியில் நிற்கும் பெட்டிக்குள் அந்த மெழுகு இளகும். அதே பெட்டி சில மணி நேரத்தில் குளிர் நாட்டில் இறங்கும்போது மெழுகு இறுகி நொறுங்கும். என் முதல் பயணத்தில் மூன்று மெட்டுகள் பெயர்ந்தது இப்படித்தான். அகலமான பருத்தித் துணியை நீள நாடாவாக மடித்து, தந்திகளுக்கும் மெட்டுகளுக்கும் இடையே தண்டி முழுவதும் படுக்க வையுங்கள். பிறகு மேலே இன்னொரு துணியால் தண்டியோடு சேர்த்துச் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம், அணைத்தால் போதும். மெழுகு இளகினாலும் மெட்டு இருந்த இடத்தில் நிற்கும்.

தண்டியின் முனையில் செதுக்கிய யாளி முகத்தின் கழுத்து மெலிந்த இடம். அதற்குக் கீழே பெட்டியில் தாங்கல் இருக்கக் கூடாது. தண்டிதான் தாங்கலில் படுக்க வேண்டும். யாளி காற்றில் நிற்க வேண்டும். ஒட்டு வீணையானால் குடமும் தண்டியும் சேரும் இணைப்பின் இருபுறமும் தாங்கல் கொடுங்கள். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு அந்தக் கவலை குறைவு.

மிருதங்கம் கட்டுவது விரைவில் முடியும். இடந்தலையில் (இடப்பக்கத் தோல்முகம்) ரவை ஒட்டியிருந்தால் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். வலப்பக்கமான வலந்தலையின் விளிம்பைக் கீழிருந்து மேலாகத் தட்டிச் சுருதியை ஒரு சுரம் இறக்குங்கள். விமானத்தின் உலர்ந்த காற்றில் தோல் தானாகவே ஏறும். அதன் நடுவிலுள்ள கரும்பொட்டான கரணையின்மேல் வட்டமாக வெட்டிய துணி, அதன்மேல் அட்டை, இவற்றை நாடாவால் கட்டிவிடுங்கள். மாற்று மூட்டு, அதாவது தயாராகக் கட்டிய தோல்முகம், ஒன்று தனிப் பையில் இருக்கட்டும். அந்த ஊரில் மூட்டு கட்டுபவர் கிடைக்க மாட்டார். நீண்ட பயணங்களுக்குத் திருகாணி வைத்த மிருதங்கத்தை இப்போது பலர் எடுத்துப் போகிறார்கள். வார் பிடித்த மிருதங்கத்தில் கை பழகியவர்களுக்கு அது அரை மனதோடுதான் இருக்கும், ஆனாலும் குளிர் நாட்டில் அது காப்பாற்றும்.

கட்டி முடித்ததும் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். பாதுகாப்புச் சோதனையில் நாம் இல்லாதபோது பெட்டியைத் திறக்கக்கூடும். திறந்தவருக்கு எப்படித் திரும்ப வைப்பதென்று தெரியாது. கட்டிய நிலையில் எடுத்த பெரிய படம், அதன்கீழ் ஆங்கிலத்தில் மூன்று வரி: இது இசைக்கருவி, தூக்கும்போது இரு கைகளால் தூக்குங்கள், துணிகளை இதே இடத்தில் வையுங்கள். உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ளேயும் வெளியேயும் இருக்கட்டும்.

மூடும் முன் இன்னும் சில படங்கள்: முன்புறம், பின்புறம், யாளி, குடத்தின் அடி. ஏதாவது ஆகிவிட்டால், புறப்படும்போது அது முழுதாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

ஆறாம் படி: விமான நிலையத்தில்

வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். கைப்பையில் எது இருக்கக் கூடாது என்பதை மறந்துவிடுகிறோம்: சுருதி சேர்க்கும் கல்லும் கட்டையும், தந்தி வெட்டும் குறடு, திருப்புளி. இவை செக்-இன் பெட்டிக்குப் போக வேண்டும். மிருதங்கக் கல்லைப் பாதுகாப்பு மேசையில் விட்டுவிட்டு வந்து, கச்சேரி மேடையில் தவித்த ஒருவரை எனக்குத் தெரியும். இருபது ஆண்டுகள் அவர் கையில் உருண்டு வழவழப்பான கூழாங்கல். மாறாக, எலெக்ட்ரானிக் தம்புராவின் லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கையோடுதான் வர வேண்டும், செக்-இன்னில் போகக் கூடாது.

கவுன்டரில் 'ஃப்ராஜைல்' சீட்டு ஒட்டும்போது கூடவே கையெழுத்திடச் சொல்லி ஒரு சிறு தாள் நீட்டுவார்கள். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பொருள் உடையக்கூடியது, பெட்டி போதாது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அது பின்னால் வாசிக்கப்படலாம். கடினப் பெட்டியில் சரியாகக் கட்டியிருக்கிறேன் என்று சொல்லி, அந்த வரியை அடிக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பெரிய அளவுப் பெட்டியைச் சாதாரணப் பெல்ட்டில் போட விடாதீர்கள். அதற்கென்று இருக்கும் இடத்துக்கு நீங்களே கூடப் போய் ஒப்படையுங்கள்.

ஏழாம் படி: இறங்கியதும்

எவ்வளவு களைப்பானாலும், யார் காத்திருந்தாலும், பெல்ட்டின் அருகிலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். மூடியை மட்டும் தூக்கி, குடத்தின் அடி, இணைப்பு, யாளி, மெட்டு வரிசை என்று கண்ணால் ஒரு சுற்று. ஐந்து நிமிடம் போதும். பழுது தெரிந்தால் அங்கேயே லக்கேஜ் கவுன்டருக்குப் போய் 'பிஐஆர்' என்னும் பழுது அறிக்கையை எழுதி, எண்ணோடு நகல் வாங்குங்கள். லக்கேஜ் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

என்னைப் போல வெளியே வந்துவிட்டவர்களுக்கும் கதவு முழுவதும் மூடிவிடவில்லை. இது எனக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. சர்வதேசப் பயணங்களை ஆளும் 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டி கைக்கு வந்த ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். தாமதமாக வந்த பெட்டிக்கு இருபத்தொரு நாள். வழக்குத் தொடர இரண்டு ஆண்டு. இந்தியா 2009-லிருந்து இதில் இருக்கிறது. ஆனால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு: 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 டாலர். உள்நாட்டுப் பயணத்தில் இதைவிட மிகக் குறைவு. உங்கள் வாத்தியம் அதைவிட விலை பெறும் என்றால் இரண்டு வழிகள்: செக்-இன் செய்யும்போதே உயர்ந்த மதிப்பை அறிவித்து, அதற்கான கூடுதல் கட்டணத்தைக் கட்டுவது, அல்லது வாத்தியத்துக்குத் தனிக் காப்பீடு எடுப்பது. நான் காப்பீட்டைத்தான் நம்புகிறேன். காப்பீட்டு ஆவணத்தில் 'விமானச் சரக்கறையில் பயணம்' அடங்குகிறதா என்று மட்டும் வரிவரியாகப் பாருங்கள்.

தங்கும் இடத்துக்குப் போனதும் பெட்டியை மூடியபடியே ஓரிரவு அறைக்குள் வையுங்கள். குளிரிலிருந்து வந்த மரமும் தோலும் அறையின் சூட்டுக்கு மெல்லப் பழகட்டும். மறுநாள் திறந்து, குதிரையை நாடா அடையாளத்துக்குள் சரிபார்த்து, தந்திகளை ஒரே மூச்சில் ஏற்றாமல் பாதிச் சுரமாக ஏற்றுங்கள். ஒரு மணி நேரம் விட்டு மீதியை ஏற்றுங்கள். மெட்டு ஏதாவது நகர்ந்திருந்தால் மேளம் கட்டத் தெரிந்தவரை, அதாவது மெட்டுகளைச் சுரத்துக்கு அமைப்பவரை, அந்த ஊரில் தேட வேண்டாம். தனியே ஓர் உருண்டை மெழுகு கொண்டுபோயிருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். வெந்நீரில் சூடாக்கிய கரண்டியின் முதுகால் மெழுகைத் தொட்டு இளக்கி, மெட்டைச் சுரத்துக்கு நகர்த்தி, விரலால் அழுத்திப் பிடித்தபடி ஆறவிடுங்கள்.